தொலைநோக்கிக்குப் பின்னால் நிற்பவருக்கு வேறு என்ன தெரியும்?

1933 ஆகஸ்ட் 3-ஆம் தேதி இரவு. லண்டனில் ஒருத்தர் தன்னுடைய 6 அங்குலத் தொலைநோக்கி வழியாக சனி கிரகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நடுப்பகுதியில் முன்பு இல்லாத ஒரு பெரிய வெள்ளைத் திட்டு தெரிந்தது. உடனே மற்ற வானியலாளர்களுக்குத் தகவல் சொன்னார். அவர்களும் பார்த்து உறுதி செய்தார்கள். சனியின் வளிமண்டலத்தில் சில பத்தாண்டுகளுக்கு ஒரு முறை கிளம்பும் ராட்சதப் புயல் அது.

வானியல் வட்டாரத்தில் அந்த மனிதரின் பெயர் டபிள்யூ. டி. ஹே. வெளியுலகத்துக்கு அவர் வில் ஹே, அன்றைய பிரிட்டனின் பெரிய நகைச்சுவை நடிகர்களில் ஒருவர். மேடையிலும் சினிமாவிலும் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேஷம் எது தெரியுமா? பாடமே தெரியாத பள்ளிக்கூட வாத்தியார்!

இந்த மாதிரி கதைகளைக் கேட்டதும் நாம் "அட, அவருக்கு இதுவும் தெரியுமா!"ன்னு ஆச்சரியப்பட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவோம். எனக்கு அதுக்கு மேல ஒரு கேள்வி இருக்கு. ஒரு பொழுதுபோக்குக் குழுவில் எல்லோரும் ஒரே விஷயத்துக்காகக் கூடுகிறார்கள். அந்த விஷயத்துக்கு வெளியே ஒவ்வொருத்தரும் வைத்திருக்கும் திறமை சும்மா கூட வருகிற சுவாரஸ்யம்தானா, இல்லை அந்தப் பொழுதுபோக்கையே நகர்த்துவது அதுதானா? அமெச்சூர் வானியலின் வரலாற்றைப் புரட்டினால் இரண்டாவதுதான் சரின்னு தோணுது. ஹேயையே எடுத்துக்கோங்க. நேரத்தைத் துல்லியமாகப் பதிவு செய்யும் கருவியைத் தானே செய்துகொண்டவர் அவர். 1935-ல் பொதுமக்களுக்காக வானியல் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். கைவேலை, கூட்டத்துக்குப் புரியும்படி பேசுவது ரெண்டுமே வானத்தைப் பார்ப்பதால் மட்டும் வருவதில்லை.

இசையிலிருந்து கண்ணாடிக்கு

இன்னும் 150 வருஷம் பின்னால் போவோம். இங்கிலாந்தின் பாத் நகரத்தில், ஆக்டகன் சேப்பல் என்ற தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார் வில்லியம் ஹெர்ஷல். ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்தவர். சிம்பொனிகள் எழுதியிருக்கிறார், இசை வகுப்பு நடத்தியிருக்கிறார், கச்சேரி ஏற்பாடு செய்திருக்கிறார். முழுநேர இசைக்காரர்.

இசைக்காரர் வானத்துக்கு எப்படி வந்தார்? ராபர்ட் ஸ்மித் என்பவர் ஸ்வரங்களின் கணிதம் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்தார். பிடித்துப்போனது. அதே ஸ்மித் ஒளியியல் பற்றியும் பெரிய நூல் எழுதியிருந்தார். அதில் தொலைநோக்கி செய்வது எப்படி என்பதும் இருந்தது. அவ்வளவுதான், வீடு பட்டறையானது.

அந்தக் காலத்துத் தொலைநோக்கியின் ஆடி கண்ணாடியில் செய்தது இல்லை. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். அதை வார்த்து, குழிவாகத் தேய்த்து, பிறகு மணிக்கணக்காகப் பாலிஷ் போடவேண்டும். ஒரு முறை 16 மணி நேரம் கையை எடுக்காமல் அந்த வேலை நடந்ததாகவும், தங்கை கரோலின் அவருக்கு உணவை வாயில் ஊட்டியதாகவும் பதிவு இருக்கிறது. இப்படித் தானே செய்த தொலைநோக்கியில்தான் 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் கண்டுபிடித்தார். மனித வரலாற்றில் தொலைநோக்கி மூலம் கண்டுபிடிக்கப்பட்ட முதல் கிரகம் அது.

ஒரு வாத்தியக்காரருக்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப, அலுக்காமல், சீராகச் செய்வது புதுசு இல்லை. பல வருஷ சாதகத்தின் பொறுமை அது. ஆடி தேய்ப்பதற்கு வேண்டியதும் அதேதான்.

கரோலின் கதையைத் தனியாகச் சொல்லணும். அவர் நல்ல பாடகி, பாத் நகரத்தில் மேடைகளில் தனியாகப் பாடியவர். அண்ணனுக்காக இசைக்குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. ஒரு புள்ளி இடம் மாறினாலும் ஸ்வரம் மாறிவிடும், அவ்வளவு கவனம் தேவைப்படும் வேலை. 1782-ல் அண்ணன் அரசரின் வானியலாளராகப் போனதும் கரோலினின் பாட்டு வாழ்க்கை முடிந்தது. ஆனால் படியெடுத்துப் பழகிய அந்தக் கை, நட்சத்திரப் பட்டியல்களுக்கு மாறியது. ஃபிளாம்ஸ்டீட் தயாரித்த பழைய நட்சத்திரப் பட்டியலைச் சரிபார்த்து, பிழைகளையும் விடுபட்டவற்றையும் தொகுத்து 1798-ல் வெளியிட்டார். இதற்கு நடுவில் எட்டு வால்மீன்களைக் கண்டுபிடித்தார். 1787-லிருந்து அரசு அவருக்கு வருஷத்துக்கு 50 பவுண்டு சம்பளம் கொடுத்தது.

இதில் ஒரு நெருடலும் இருக்கு. கரோலினின் திறமை வானியலுக்கு ரொம்பவே உதவியது, ஆனால் அந்த மாற்றத்தில் அவருடைய குரல் காணாமல் போனது. இன்னொரு திறமையை உபயோகப்படுத்துவதும் அந்தத் திறமைசாலிக்கு இடம் கொடுப்பதும் ஒன்றில்லை.

ஸ்பிரிங்ஃபீல்டில் கூடிய மெஷின் ஆட்கள்

இந்த விஷயத்துக்கு எனக்குத் தெரிந்து சிறந்த உதாரணம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்ட். சின்ன ஊர், ஆனால் லேத் மாதிரியான இயந்திரங்களைச் செய்யும் கம்பெனிகளுக்குப் பேர்போன ஊர். அதில் ஒன்று ஜோன்ஸ் அண்ட் லாம்சன். அதன் தலைவர் ஜேம்ஸ் ஹார்ட்னஸுக்கு வானியல் பித்து. குளிர்காலப் பனியில் நடுங்காமல் வானத்தைப் பார்க்க, தன் வீட்டிலிருந்து சுரங்கப்பாதை வழியாகப் போகும்படி ஒரு தொலைநோக்கிக் கூண்டு அமைத்துக்கொண்டவர். பின்னாடி 1921 முதல் 1923 வரை அந்த மாநிலத்தின் கவர்னராகவும் இருந்தார்.

அவர் 1919-ல் வேலைக்குக் கூப்பிட்டு வந்த ஆள் ரஸல் போர்ட்டர். ஸ்பிரிங்ஃபீல்டிலேயே பிறந்தவர். கட்டடக்கலை படித்து, ஓவியராக ஆர்க்டிக் பயணக் குழுக்களோடு போய், பனிக்கட்டி நடுவே குளிர்காலங்களைக் கழித்துவிட்டு வந்தவர். தொலைநோக்கி செய்யத் தானே கற்றுக்கொண்டவர். 1920-ல் ஊர்க்காரர்களுக்கு ஒரு வகுப்பு ஆரம்பித்தார். வந்தவர்கள் பதினைந்து ஆண்கள், ஒரு பெண். பெரும்பாலும் தொழிற்சாலை ஆட்கள்.

கற்றுக்கொடுத்த முறை இதுதான். ரெண்டு வட்டக் கண்ணாடித் தட்டுகளை எடுத்துக்கொண்டு, நடுவில் அரைப்புப் பொடியும் தண்ணீரும் போட்டு, மேல் தட்டை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே சுற்றி வரவேண்டும். கொஞ்ச கொஞ்சமா மேல் தட்டு குழியும், கீழ்த் தட்டு மேடாகும். பொடியின் அளவை நைஸாக்கிக்கொண்டே போய், கடைசியில் பாலிஷ். நல்ல ஆடி வேண்டுமானால் அதன் பரப்பு சரியான வடிவத்திலிருந்து சுமார் 70 நானோமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு! இதைக் கையால் செய்யணும்.

சாதாரண ஆளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் தினமும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பார்த்து வேலை செய்யும் மெஷினிஸ்டுக்கு, "இன்னும் கொஞ்சம் துல்லியம்" என்பது பயமுறுத்தும் சொல் இல்லை. தேய், அள, மறுபடி தேய் என்ற பழக்கம் அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. நட்சத்திரம் பற்றித்தான் அவர்களுக்குத் தெரியாது. அது பிறகு வந்தது.

1923-ல் இவர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மேல் ஸ்டெல்லஃபேன் என்ற பெயரில் தாங்களே கட்டடம் கட்டி, ரோஸ் கலர் பெயின்ட் அடித்தார்கள். 1925 நவம்பரில் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் ஆல்பர்ட் இங்கால்ஸ் இவர்களைப் பற்றி எழுதியதும் நாடு முழுக்க ஆட்கள் வீட்டில் கண்ணாடி தேய்க்க ஆரம்பித்தார்கள். ஸ்டெல்லஃபேன் கூட்டம் இன்றும் நடக்கிறது.

சரி, இது தொழிலிலிருந்து பொழுதுபோக்குக்கு வந்த திறமை. எதிர்த் திசையிலும் போனது. திருகு மரையின் வடிவம் சரியா இருக்கான்னு பார்ப்பது அன்றைய தொழிற்சாலைகளில் பெரிய தலைவலி. ஹார்ட்னஸும் போர்ட்டரும் மரையின் நிழலை லென்ஸ் வழியாகப் பெரிதாக்கித் திரையில் விழவைத்து, வரைந்து வைத்த வடிவத்தோடு ஒப்பிடும் கருவியை உருவாக்கினார்கள். எஞ்சினியரிங் காலேஜ் மெட்ராலஜி லேபில் புரொஃபைல் புரொஜெக்டர் என்று ஒரு கருவியைப் பார்த்திருப்பீர்களே, அதன் முன்னோடி இதுதான். ரெண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்குக் கூரைப் பட்டகங்கள் பற்றாக்குறையானபோதும், வீட்டில் கண்ணாடி தேய்த்துப் பழகிய அமெச்சூர்கள் அவற்றைச் செய்து கொடுத்தார்கள். அவர்களை ஒன்று திரட்டியவர் அதே இங்கால்ஸ்.

போர்ட்டருடைய ஓவியக் கை என்னாச்சு? 1928-ல் கலிஃபோர்னியாவில் 200 அங்குல பாலோமர் தொலைநோக்கித் திட்டம் தொடங்கியபோது அவரைக் கூப்பிட்டார்கள். எஞ்சினியர்களின் தட்டையான வரைபடங்களைப் பார்த்தே, இன்னும் கட்டப்படாத அந்த ராட்சதக் கருவியை வெட்டித் திறந்து உள்ளே காட்டுவது போல் பென்சிலில் வரைந்தார். எந்தப் பாகம் எங்கே உட்காரும், பக்கத்தில் ஒரு மனிதன் நின்றால் எவ்வளவு சின்னதாகத் தெரிவான் என்பதெல்லாம் அதில் தெரியும். தொலைநோக்கி 1948-ல் திறக்கப்பட்டது. அடுத்த வருஷமே போர்ட்டர் இறந்துபோனார்.

துறவியும் பாதிரியாரும்

ஜான் டாப்சன் வேதியியல் படித்தவர். 1944-ல் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். நம் மயிலாப்பூர் மடம் சேர்ந்திருக்கும் அதே ராமகிருஷ்ண அமைப்புதான். துறவியிடம் காசு ஏது? கப்பல் ஜன்னலுக்கான தடிமனான பழைய கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். கான்கிரீட் தூண் வார்க்கப் பயன்படும் அட்டைக் குழாய்தான் தொலைநோக்கியின் உடம்பு. அதைத் தாங்க விலையுயர்ந்த இரும்புத் தாங்கிக்குப் பதிலாக பிளைவுட் பெட்டி.

1967-ல் மடத்தை விட்டு வெளியேறவேண்டி வந்தது. அதன்பின் தெருவோரத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிலாவைப் பார்க்கச் சொன்னார். அவருடைய பெட்டி வடிவம் இன்று உலகமெங்கும் 'டாப்சோனியன்' என்ற பெயரில் விற்கிறது. அதுவரை அமெச்சூர் உலகத்தில் நல்ல தொலைநோக்கின்னா கனமான, செலவு பிடித்த சாதனம். அதை மாற்றியது அவருடைய வானியல் அறிவைவிட, இருப்பதை வைத்து வேலையை முடிக்கும் துறவுப் பழக்கம்னு சொல்லலாம்.

ஆஸ்திரேலியாவின் ராபர்ட் எவன்ஸ் ஒரு தேவாலயப் பாதிரியார். தன் நாட்டின் மத எழுச்சிகள் பற்றிப் புத்தகம் எழுதிய வரலாற்றாசிரியரும்கூட. அவருக்கு ஒரு வினோதமான திறமை. நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்களையும் அவற்றைச் சுற்றியுள்ள நட்சத்திர அமைப்பையும் மனப்பாடமாக வைத்திருந்தார். சூப்பர்நோவா என்பது வெடித்துச் சாகும் நட்சத்திரம். படத்தில் நேற்று வரை இல்லாத ஒரு புள்ளியாகத் தெரியும். மற்றவர்கள் வரைபடத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் நேரத்தில், இவர் சில நொடி பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். இப்படி வெறும் கண்ணால் தொலைநோக்கி வழியாகப் பார்த்தே நாற்பது சூப்பர்நோவாக்களுக்கு மேல் கண்டுபிடித்தார்.

ஏன் இப்படி நடக்கிறது?

ஒரு காரணம் எளிமையானது. ஒரு பொழுதுபோக்குக் குழுவில் எல்லோரும் அதே புத்தகங்களைத்தான் படித்திருப்பார்கள், அதே விஷயங்களைத்தான் பேசுவார்கள். அந்தப் பொது அறிவில் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் வருவது ஒவ்வொருத்தரும் வெளியிலிருந்து கொண்டு வருவதில்தான்.

இன்னொன்று, பொழுதுபோக்கில் பதவி வரையறை கிடையாது. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி தேய்ப்பவர் தேய்ப்பார், வரைபவர் வரைவார். ஸ்பிரிங்ஃபீல்ட் மாதிரி இடத்தில் அந்தக் கோடு இல்லை. ஒருத்தர் தன்னிடம் இருப்பதை எங்கே வேண்டுமானாலும் பொருத்திப் பார்க்கலாம். பொருந்தவில்லை என்றாலும் வேலை போகாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடணும். நமக்குத் தெரிவது வெற்றி பெற்றவர்களின் கதைகள் மட்டும்தான். எத்தனையோ ஆர்கன் கலைஞர்கள் ஆடி தேய்த்து ஒன்றும் கண்டுபிடிக்காமல் போயிருப்பார்கள். அதனால் "இசை தெரிந்தால் வானியல் வரும்"னு சூத்திரம் போட முடியாது. அந்தப் பதினாறு பேருக்கும் வகுப்பு எடுக்க ஒருத்தர் இருந்தார், கூட ஒரு ஊர் இருந்தது. திறமை வெளியே வர அதைக் கேட்கிற ஆள் ஒருத்தர் வேணும்.

பெரும்பாலான குழுக்களில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. பறவை பார்க்கும் குழுவில் "எத்தனை இனம் பார்த்திருக்கீங்க?"ன்னு கேட்போம். ஸ்டாம்ப் சேர்ப்பவரிடம் "எந்த வருஷத்து ஸ்டாம்ப் இருக்கு?"ன்னு கேட்போம். பக்கத்தில் அமைதியாக நிற்பவர் தையல்காரராக இருக்கலாம், கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பவராக இருக்கலாம், லேத் பட்டறையில் முப்பது வருஷம் நின்றவராக இருக்கலாம். பட்டியலில் அவர் பெயர் கீழே இருந்தால் நமக்கு அவர் புதுசா வந்த ஒரு ஆள், அவ்வளவுதான்.

அடுத்த முறை உங்க குழு கூடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "இது இல்லாம உங்களுக்கு வேற என்ன வரும்?" கேட்டதோடு நிறுத்தாமல், அந்தத் திறமைக்குக் குழுவில் ஒரு வேலையும் கொடுங்க. அதைச் செய்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு பண்ணட்டும்.