பளிங்கு நீரை நம்பலாமா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் கரோல்பாக், ராமகிருஷ்ணபுரம் தமிழ்க் குடும்பங்கள் பல பத்ரிநாத் யாத்திரைக்கு மூட்டை கட்டுகின்றன. மலை ஓடை நீர் பளிங்கு போலிருக்கும். அள்ளிப் பருகத் தோன்றும். ஓடைக்கு மேலே கோவேறு கழுதைகள் நடப்பதை யார் பார்த்தார்கள்?

நீர் விஷயத்தில் டில்லி ஒருமுறை நன்றாகப் பட்டிருக்கிறது. 1955 நவம்பரில் நஜப்கர் சாக்கடை பின்னேறி, வஜீராபாதில் யமுனை நீர் இறைக்கும் இடத்தில் கலந்தது. குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டு பெருகவில்லை. ஆனால் டிசம்பர், ஜனவரியில் சுமார் 29,300 பேருக்குக் காமாலை கண்டது. கர்ப்பிணிகள் பாடு மிக மோசம். பாக்டீரியா செத்தது, வைரஸ் தப்பியது. அந்த வைரஸை இன்று ஹெபடைடிஸ் 'இ' என்கிறார்கள்.

ஆகவே யாத்திரையில் அடுப்பே துணை. கலங்கல் நீரை வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, தளதளவெனக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் விடவேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம்; அங்கே குறைந்த சூட்டிலேயே நீர் கொதித்துவிடும். பத்ரிநாத் 3,000 மீட்டருக்கும் மேல்.

பாட்டிமார் இழைத்த தேற்றாங்கொட்டை கலங்கலைப் படியவைக்கும், கிருமியைக் கொல்லாது. அடுப்பு மூட்ட வழியில்லாவிட்டால் குளோரின் மாத்திரை. தெளிந்த நீரில் போட்டு அரைமணி பொறுக்கவேண்டும். சில்லென்ற நீரானால் இன்னும் கூடுதல் நேரம்.

காய்ச்சிய நீர் சுடுகிறதே என்று ஒரு டம்ளர் ஓடை நீரை விளாவிக் குடிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் அடுப்பே மூட்டியிருக்க வேண்டாம்.