நிலநடுக்கமும் எஃகுச் சட்டங்களின் இணைப்பும்

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் விடியற்காலை 5 மணி 36 நிமிடத்திற்குத் தில்லி மாநகரம் குலுங்கி விழித்ததை இங்குள்ள தமிழர் எவரும் மறந்திருக்கமாட்டார். தௌலா குவான் அருகே தோன்றிய அந்த நடுக்கத்தின் அளவு 4 தான். பெருஞ்சேதம் ஒன்றும் இல்லை. ஆயினும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, செருப்பையும் மறந்து, படியிறங்கி ஓடிவந்த நம்மில் பலர் எங்கே நின்றோம்? அடுக்கு வீட்டின் அடியில், கார்கள் நிறுத்தப்படும் தூண்தளத்திலே கூடி நின்றோம். பெரிய நடுக்கம் வருமாயின் முதலில் நொறுங்கி அமரக்கூடிய தளம் பெரும்பாலும் அதுவே.

மேல் தளங்களில் தூண்களுக்கிடையே செங்கற் சுவர்கள் நிரம்பியிருக்கின்றன. ஆகையால் அவை ஒரு பெட்டியைப் போல் விறைத்து நிற்கின்றன. கீழேயோ வெறும் தூண்கள். நிலம் பக்கவாட்டில் அசையும்போது வளைய வேண்டிய கடமை முழுவதும் அத்தூண்களின் மேல் விழுகிறது. 2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியில் தோன்றிய 7.7 அளவுள்ள நடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்திலும் அடுக்கு வீடுகள் பல சரிந்தன. அவற்றுள் தூண்தளம் உடையவை மிகுதி. தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் மணிநகர் அந்நகரின் பகுதியே என்பதை நாம் நினைவுகூர்தல் வேண்டும். தில்லியையோ 2002-ஆம் ஆண்டின் நிலநடுக்க வரைபடம் நான்காம் மண்டலத்தில் வைத்தது. யமுனையின் வண்டல் மண் அதிர்ச்சியைப் பெருக்கிக் காட்டும் இயல்புடையது.

இத்தகைய தளத்தை வலுப்படுத்தும் வழிகளுள் ஒன்று, தூண்களுக்கிடையே எஃகுச் சட்டங்களைச் சாய்வாகப் பொருத்துவது. பொறியாளர் இதனைப் பிரேஸ் என்பர். இதற்குத் தமிழ்ச் சொல் தேடி அலைய வேண்டுவதில்லை. நம் ஊர்க் கலியாணப் பந்தலில் இரண்டு கால்களுக்கிடையே குறுக்காகக் கட்டும் சாய்வு மூங்கிலே அது. நான்கு கழிகளால் ஆன சதுரத்தைத் தள்ளினால் சாய்ந்துபோகும். குறுக்கே ஒரு கழி கட்டி அதனை முக்கோணங்களாக்கினால் சாயாது. பந்தல் போட்டவர்க்கு மற்றொன்றும் தெரியும்: காற்றடிக்கும்போது மூங்கில் முறிவது அரிது, கயிற்று முடிச்சே அவிழும்.

எஃகிலும் நிலைமை அதுதான். கட்டடம் ஒருபுறம் சாயும்போது ஒரு சட்டம் இழுபடுகிறது. எதிர்ச்சட்டம் அமுக்கப்பட்டு வில்லைப் போல் பக்கவாட்டில் வளைகிறது. மறுகணமே கட்டடம் மறுபுறம் சாய, வளைந்தது இழுபடுகிறது, இழுபட்டது வளைகிறது. இவ்வாறு பன்முறை நீண்டும் வளைந்தும் நிலநடுக்கத்தின் ஆற்றலைச் செலவழித்துவிடுவதே சட்டத்தின் தொழில். அது பழுதுபடலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். அதன் நுனியிலுள்ள இணைப்புத் தகடும், போல்ட்டுகளும், பற்றவைப்பும் சட்டத்திற்கு முன்னால் விட்டுக்கொடுத்தல் ஆகாது. பற்றவைப்பு நீண்டு கொடுப்பதில்லை, படீரென்று பிளந்துவிடும்.

ஆகவேதான் 2007-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 800 என்னும் இந்தியத் தரவிதி, சிறப்பு வகைச் சட்டகங்களில் இணைப்பின் வலிமை பொதுவாகச் சட்டத்தின் முழு இழுவிசையைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்க வேண்டுமென்கிறது. சட்டம் 50 டன் இழுவையில் நீளத் தொடங்குமாயின், இணைப்பு 55 டன்னைத் தாங்க வேண்டும். கணக்குப்படி நடுக்கத்தில் வரும் விசை 20 டன்தானே என்று அதற்கேற்ற நான்கு போல்ட்டுகளைப் போட்டு நிறுத்துவது சிக்கனம்போல் தோன்றும். அந்தச் சிக்கனமே ஆபத்து.

வலிமை மட்டும் போதாது. சட்டம் பக்கவாட்டில் வளையும்போது தகடும் உடன் மடங்க வேண்டும். அதற்காகச் சட்டத்தின் நுனிக்கும் தகடு தூணோடு சேரும் இடத்திற்கும் நடுவே, மடங்கும் கோட்டில், தகட்டின் தடிப்பைப் போல் இருமடங்கு வெற்றிடம் விடுவது வழக்கம். 12 மில்லிமீட்டர் தகடாயின் 24 மில்லிமீட்டர். விரலிரண்டு அகலமும் இல்லாத இந்த இடைவெளியை வீணென்று கருதிச் சட்டத்தை உள்ளே தள்ளிப் பற்றவைத்துவிட்டால், தகடு மடங்க வழியின்றிக் கிழியும்.

இணைப்பைக் காத்தாலும் சட்டத்தை அளவுக்கு மீறித் தடிப்பாக்குவது வேறொரு கேட்டை விளைக்கும். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரில் பினோ சுவாரெஸ் என்னும் தொகுதியைச் சேர்ந்த 21 மாடி எஃகுக் கட்டடம் பக்கத்துக் கட்டடத்தின் மேல் சாய்ந்து விழுந்தது. அதில் சாய்வுச் சட்டங்கள் இருந்தன. மிகவும் வலிமையாகவே இருந்தன. அவை விட்டுக்கொடாமையால் பாரமெல்லாம் தூண்களில் இறங்கிற்று. பெட்டி வடிவத் தூண்களின் தகடுகள் நெளிந்து பற்றவைப்பு விட்டுப்போயிற்று.

நம் வீடுகளோ கான்கிரீட் தூண்கள் உடையவை. அவற்றில் எஃகுச் சட்டம் சேர்ப்பதற்கு 2013-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 15988 வழிகாட்டுகிறது. இங்கே இணைப்பின் கவலை இரட்டிப்பாகும். நங்கூர போல்ட்டுகள் பழைய கான்கிரீட்டைப் பற்றி நிற்கவேண்டுமன்றோ? தூணைச் சுற்றி எஃகுக் கவசமிட்டு, அல்லது உள்ளே எஃகுச் சட்டகமொன்றை அமைத்து, விசையைப் பரவலாக இறக்குவர். கார் நுழைய வழி வேண்டுமென்று சட்டத்தைத் தூணின் நடுவயிற்றில் முடிக்கச் சிலர் கேட்பதுண்டு. அது தூணை இடையிலே உதைத்து முறிக்கும், ஐ.எஸ். 800 அவ்வமைப்பை நிலநடுக்கத்திற்கு விலக்கியே வைத்திருக்கிறது. கார் நிறுத்தும் இடங்கள் ஒன்றிரண்டை இழப்பதே நலம்.

அடுக்கு வீட்டுச் சங்கக் கூட்டத்தில் இப்பொருள் வருமாயின், சட்டத்தின் பருமனை விசாரிப்பதோடு நில்லாமல், அதன் நான்கு நுனிகளின் வரைபடத்தையும் கேட்டுப் பார்க்கலாம். வேலை முடிந்த பின்னர் ஆண்டுதோறும் குனிந்து பார்க்கவேண்டியது தரையோரத்துத் தகடுகளை. நாள்தோறும் கார் கழுவும் தண்ணீர் தேங்கித் துருவேறுவது அங்கேதான்.