மரமஞ்சளும் ஈரலும்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு அண்மையில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் மரமஞ்சள் இல்லாத நாளில்லை. புறக்கோட்டைக் கேபோஸ் லேனில் வாங்கிய கொடித்துண்டுகளைக் கொத்தமல்லியுடன் அவித்துக் குடித்தால் தீராத நோயில்லை என்பது அவர் முடிபு. சிங்கள அன்பர்கள் ‘வெனிவெல்’ என்பதும் இதனையே. ஈரவலயக் காடுகளில் அளவுமீறி வெட்டப்பட்டமையால் இக்கொடி இப்போது அருகி வருகின்றது.

சென்ற மாதம் ஆச்சியின் பேத்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் அதன் கண்ணும் மேனியும் மஞ்சளித்தன.

“செங்கண்மாரிக்கு இதைவிட வேறு மருந்து உண்டோ, தம்பி? ஒரு சொட்டு நாவில் தடவினால் என்ன?” என்று ஆச்சி வினவினார்.

விடை கூறுமுன் மரமஞ்சளின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். அதன் நிறத்துக்கும் கைப்புக்கும் காரணம் பேர்பரின் என்னும் பொருள். வாயால் உட்கொள்ளும் பேர்பரினில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தைச் சென்றடைவதில்லை என்று எலிகளில் நடத்திய சோதனைகள் காட்டின. குடலிலேயே தங்கிவிடும் பொருள் ஈரலுக்கு எங்ஙனம் உதவும்?

குடலுக்கும் ஈரலுக்கும் இடையே நேர்வழியொன்று உண்டு. ஈரல் பெறும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்காற்பங்கு ஈரல் வாயினாளத்தின் வழியே, குடல் முதலிய உறுப்புக்களிலிருந்தே வருகின்றது. உணவின் சாரம் மட்டுமன்று, குடலில் வாழும் கோடானுகோடி பற்றீரியாக்களின் நஞ்சும் அவ்வழியே வரக்கூடும். குடற்சுவர் தளர்ந்தால் நஞ்சு மிகுந்து ஈரல் அழற்சியுறும். பேர்பரினோ குடலில் தங்கி, அங்குள்ள பற்றீரியாக்களுள் சிலவற்றை ஒடுக்கிச் சிலவற்றைப் பெருக்குகின்றது. குடற்சுவரைப் பேணும் இனங்கள் பெருகுவதை எலிகளிற் கண்டுள்ளனர்.

இதனினும் வியப்பானதொன்றைச் சீன விஞ்ஞானிகள் 2015இல் வெளியிட்டனர். பற்றீரியாக்களே பேர்பரினை இலகுவில் உறிஞ்சப்படும் வேறொரு வடிவமாக மாற்றுகின்றனவாம். குடற்சுவரைக் கடந்ததும் அது மீண்டும் பேர்பரினாகிவிடுகின்றது. மாறுவேடம் பூண்டு கோட்டை வாயிலைக் கடக்கும் ஒற்றனைப் போல! அதே ஆண்டில் வெளிவந்த மற்றொரு சீன ஆய்வில், ஈரலிற் கொழுப்புப் படிந்த 184 பேர் 16 வாரங்கள் பங்குகொண்டனர். உணவுக் கட்டுப்பாடும் தேகப்பயிற்சியும் மட்டும் மேற்கொண்டவர்களைவிட, அவற்றோடு பேர்பரினும் உட்கொண்டவர்களுக்குக் கொழுப்பு அதிகமாகக் குறைந்தது. அவர்கள் உண்டது அளவறிந்த மாத்திரை, ஆச்சியின் குடிநீரன்று.

ஆனால், பச்சிளங் குழந்தையின் கதை வேறு. அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பிலிரூபின். இரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு செல்லும்வரை அது தீங்கு செய்வதில்லை. பேர்பரின் அப்பிடியினின்றும் அதனைப் பெயர்த்துவிடக்கூடியது. பெயர்ந்த பிலிரூபின் மூளையிற் படிந்தால் செவிப்புலன் கெடலாம். உயிருக்கும் இடர் நேரலாம். இவ்வச்சத்தினாலேயே சிங்கப்பூர் அரசு 1978இல் பேர்பரின் கொண்ட மூலிகைகளைத் தடைசெய்தது. பிற்காலத்தில் அத்தடை தளர்த்தப்பட்டபோதும், மஞ்சளித்த சிசுக்களுக்கு அது ஆகாதென்னும் எச்சரிக்கை தளரவில்லை.

இதனைக் கேட்ட ஆச்சி முகஞ்சுளித்தார். “என் பிள்ளைகள் எல்லாரும் இதைக் குடித்து வளர்ந்தவர்கள்தானே!” என்றார். ஆயினும் அன்று மாலையே குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். நீல ஒளியின்கீழ் இரு நாள் கிடத்தியதும் மஞ்சள் வடிந்தது. அடுப்பிலிருந்த குடிநீரை ஆச்சி தமது தடிமனுக்குத் தாமே அருந்தினாராம்.