விலை சொல்பவரும் குறை சொல்பவரும்
(பத்தாம் வகுப்பு மாணவி)



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஓசூரில் வாழும் நாம் "கட்டிய வீட்டை வாங்கிப் பார்" என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, 1980-களில் அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கத் தொடங்கிய பின்னர், ராகி விளைந்த கொல்லைகள் வீட்டு மனைகளாயின. 2019-இல் நம் ஊர் மாநகராட்சியாகவும் உயர்ந்துவிட்டது. அத்திப்பள்ளி எல்லைக்கு அப்பால் பெங்களூரில் வீடு வாங்க இயலாதவர்களும் இங்கே வந்து வாங்குகிறார்கள். ஆகவே வீடு, மனை, வங்கிக் கடன் என்னும் பேச்சு நம் வீடுகளில் சாப்பாட்டு வேளையிலும் ஓய்வதில்லை.

இந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடுகின்ற ஒருவர் "பாங்க் வேல்யூயர்". நல்ல தமிழில் சொன்னால் சொத்து மதிப்பீட்டாளர். அடிபடாத, ஆனால் அடிபட வேண்டிய இன்னொருவர் கட்டடப் பரிசோதகர். இருவரும் வீட்டைப் பார்ப்பவர்களே. ஆயினும் முதலாமவர் "இந்த வீடு எவ்வளவு பெறும்?" என்று பார்க்கிறார், இரண்டாமவர் "இந்த வீடு எப்படி இருக்கிறது?" என்று பார்க்கிறார்.

மதிப்பீட்டாளர் எப்படி விலை காண்கிறார்? மனைக்கும் கட்டடத்திற்கும் தனித்தனியே கணக்கிடுவது ஒரு வழக்கமான முறை. கணக்கிற்காக, 1,200 சதுர அடி மனை, சதுர அடி 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மனையின் மதிப்பு 30 லட்சம். அதில் 1,000 சதுர அடி வீடு. இன்று புதிதாகக் கட்டினால் சதுர அடிக்கு 2,000 ரூபாய் வீதம் 20 லட்சம் ஆகும். கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டுகள், கடைசியில் இடித்து விற்றால் கிடைப்பது பத்து சதவீதம் என்று கொண்டால், 20 வயதான வீட்டிற்குத் தேய்மானம் 30 சதவீதம், அதாவது 6 லட்சம். மீதி 14 லட்சம். ஆக மொத்தம் 44 லட்சம். (எட்டாம் வகுப்பில் படித்த தேய்மானம் ஆண்டுதோறும் குறைந்துவரும் தொகையின்மேல் கணக்கிடப்படுவது. இங்கே ஆண்டுக்கு ஒரே அளவு கழிக்கிறார்கள், எளிது.) இதனோடு தெருவின் அகலம், நெடுஞ்சாலையிலிருந்து தூரம், பக்கத்து மனைகள் அண்மையில் விற்ற விலை ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

எல்லைப்புறத்தில் அவருக்கு வேறொரு தொல்லையும் உண்டு. இங்கே நாம் சென்ட் என்றும் சதுர அடி என்றும் சொல்ல, எல்லைக்கு அப்பால் குண்டா என்பார்கள். ஏக்கருக்கு 100 சென்ட். ஆனால் 40 குண்டா. இங்கே பட்டா, அங்கே காத்தா. அந்த விலையை இங்கே ஒட்டவைத்துப் பேசும் தரகர்களின் சொல்லை அவர் அப்படியே எழுதிக்கொள்ள முடியாது. பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு வேறு, சந்தை மதிப்பு வேறு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இத்தனையும் யாருக்காக? பெரும்பாலும் கடன் கொடுக்கும் வங்கிக்காக. ரிசர்வ் வங்கி 2015-இல் வகுத்த வரம்புப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள வீட்டுக் கடன், சொத்தின் மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாம் மேலே கண்ட 44 லட்ச வீட்டிற்கு அது 35 லட்சத்து 20 ஆயிரம். கடன் திரும்பி வராவிட்டால் வீட்டை விற்று எடுக்க முடியுமா என்பதே வங்கியின் கவலை. அந்தக் கவலையில் மனையின் விலைதான் பெரும்பங்கு. மொட்டை மாடி ஒழுகுவதால் மனையின் விலை குறைந்துவிடாதே!

என் பெரியப்பா இதை மழைக்காலத்தில் அறிந்துகொண்டார். சேமநல நிதியையும் வங்கிக் கடனையும் சேர்த்து, பதினெட்டு ஆண்டுகள் ஆன ஒரு வீட்டை வாங்கினார். மதிப்பீட்டாளர் வந்து, அளந்து, புகைப்படம் எடுத்து, அரை மணி நேரத்தில் சென்றுவிட்டார். கேட்ட விலைக்கே மதிப்பும் வந்தது. "பாங்க்காரரே பார்த்துவிட்டார், இனி என்ன?" என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஐப்பசி மழையில் கூடத்துக் கூரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. பெரியப்பா அவரைத் தேடிப் போய்க் கேட்டபோது, "ஐயா, நான் வங்கிக்கு விலை சொல்ல வந்தவன். கூரை தாங்குமா என்று என்னை யாரும் கேட்கவில்லையே" என்றாராம். கேட்க வருத்தமாக இருந்தாலும் அவர் சொன்னது உண்மையே என்பது என் எண்ணம்.

அதன் பிறகுதான் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்தார்கள். அவர் ஒரு முழுக் காலைப்பொழுது அங்கே இருந்தார். முதலில் சிறிய சுத்தியலால் கூரையையும் சுவரையும் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான பூச்சு ஒரு விதமாகவும், உள்ளே விட்டுப்போன பூச்சு வெற்றுக் குடம் போலவும் ஒலிக்கும். கதவு, ஜன்னல் மூலைகளில் சாய்வாக ஓடும் விரிசலைக் கண்டால் கடைக்கால் இறங்கியிருக்குமோ என்று ஐயப்படுவார்களாம். ஏரிக்கரை ஓரங்களில் மண் கொட்டி நிரப்பிய மனைகளில் அந்த அச்சம் மிகுதி. கூரைக்கு அடியில் படுக்கையாக ஓடும் விரிசல் பெரும்பாலும் வெயிலில் தளம் விரிவதால் வருவது, அவ்வளவு ஆபத்தானதன்று. கம்பி துருப்பிடித்தால் அதன் பருமன் கூடிச் சுற்றியுள்ள கான்கிரீட்டையே பிளந்துவிடும் என்று அவர் விளக்கியபோது, வேதியியல் பாடம் கூரையில் தொங்குவதுபோல் எனக்குத் தோன்றியது.

பெரிய கட்டடங்களில் இன்னும் நுட்பமான கருவிகள் உண்டு. வில் பொருத்திய சுத்தியல் கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தைக் காட்டும். காதுக்குக் கேட்காத ஒலியலையைத் தூணின் ஒருபக்கம் செலுத்தி மறுபக்கம் வாங்குவார்கள். அதன் வேகம் நொடிக்கு 3 கிலோமீட்டருக்குக் குறைந்தால் அந்தக் கான்கிரீட் ஐயத்துக்குரியது.

இவ்வேறுபாடு பணத்தோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. 2014 ஜூன் 28-ஆம் நாள், சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழை நாளொன்றில் இடிந்து விழுந்தது. 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் கூலி வேலைக்கு வந்த தொழிலாளர்கள். அக்கட்டடத்திற்கு அனுமதி இருந்தது, விலையும் பேசப்பட்டிருந்தது, வீடு வாங்க முன்பணம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். தூண்கள் பாரத்தைத் தாங்குமா என்ற கேள்விக்குத்தான் விடை தவறாக இருந்தது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் நாள் வெடி வைத்துத் தகர்க்க நேர்ந்தது.

தொழில் ஒழுங்கில் இவ்விருவரும் நம் நாட்டில் சமமாக இல்லை. மதிப்பீட்டாளருக்குச் சட்டமும் தேர்வும் உண்டு. கம்பெனிச் சட்டத்தின்கீழ் 2017-இல் வந்த விதிகளின்படி, உரிய படிப்பும் அனுபவமும் பெற்றுத் தேர்வில் தேறியவரே பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஆகலாம். காரியம் முடிந்தால் இவ்வளவு என்று பேசிக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் அவ்விதிகளில் உள்ளது. வீட்டைப் பரிசோதிப்பவருக்கோ அவ்வாறான தனி உரிமம் இங்கே இல்லை. அனுபவமுள்ள பொறியாளரும் பார்க்கலாம். ஒரு கருவியை வாங்கி வைத்துக்கொண்டவரும் "நானும் பார்ப்பேன்" எனலாம். அமெரிக்காவில் 1976-இல் வீட்டுப் பரிசோதகர்கள் சங்கம் அமைத்துத் தங்களுக்கென நெறிகளை வகுத்துக்கொண்டார்கள். பரிசோதித்த வீட்டை ஓராண்டு வரை தாமே கூலிக்குப் பழுதுபார்க்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. குறையைச் சொல்பவருக்குக் குறையால் ஆதாயம் இருக்கக் கூடாதல்லவா? இந்த நெறி எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், விற்பவரே வீட்டின் நிலையையும் மதிப்பையும் சேர்த்து ஓர் அறிக்கையாக வாங்குபவருக்குத் தர வேண்டும். இங்கே அவ்வாறு வரும்வரை, வாங்குபவர்தான் தம் செலவில் ஒரு பொறியாளரை அழைத்துப் போக வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் அழைத்தால் குறைகளைச் சொல்லி விலை பேசலாம். பின்னர் அழைத்தால் கொத்தனார் கூலிதான் பேசலாம். ரியல் எஸ்டேட் சட்டத்தின்கீழ் வரும் புதிய வீடுகளில், ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். பழைய வீட்டை வாங்குபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பெரியப்பா வீட்டுக் கூரையைச் சரிசெய்ய இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ஆயிற்று. சமையலறைச் சுவரில் இருந்த சாய்வு விரிசலை மட்டும் அந்தப் பொறியாளர் பூச விடவில்லை. அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதியை எழுதிவிட்டுப் போனார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். பெரியம்மா காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் அதைத்தான் பார்க்கிறார். ஏழு மாதங்கள் ஆகின்றன, உடையவில்லை.