பஞ்சத்தின் சாட்சி

நுழையும்முன்

அழகைக் கண்டு வியக்கச்செய்வது மட்டுமே கலையின் பணி அன்று. மறைக்கப்பட்டதை வெளிக்கொணர்வதும் குரலற்றோர் பக்கம் நிற்பதும் அதன் பணிகளே. அதிகாரத்தை நோக்கி வினா எழுப்பும் இத்தகைய படைப்புகளை எதிர்ப்புக் கலை என்பர். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தைக் கோடுகளால் பதிவுசெய்த ஓவியர் சித்தபிரசாத்தின் பணிவழியே அக்கலையின் ஆற்றலை அறிவோம்.

பஞ்சம் எனச் சொல்லப்படாத பஞ்சம்

இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானது. அங்கிருந்து வங்கத்திற்கு வந்த அரிசி நின்றுபோனது. பகைவர் கையில் கிட்டிவிடக் கூடாது எனக் கருதிய ஆங்கில அரசு, கடலோர மாவட்டங்களின் படகுகளையும் உபரி அரிசியையும் அகற்றியது. மீன்பிடிக்கவும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும் படகையே நம்பியிருந்த மக்கள் பிழைப்பை இழந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் வீசிய பெரும்புயல் மேதினிப்பூர் மாவட்டத்தைச் சிதைத்தது. போர்க்காலச் செலவாலும் பதுக்கலாலும் அரிசியின் விலை எட்டாத உயரத்திற்குச் சென்றது.

நிலமற்ற உழவுத் தொழிலாளரும் மீனவரும் கைவினைஞரும் முதலில் வீழ்ந்தனர். அரசு அமைத்த விசாரணை ஆணையம் இறந்தோர் தொகையை ஏறத்தாழ 15 இலட்சம் என மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர்கள் சிலர் 30 இலட்சம் வரை கணக்கிட்டுள்ளனர். எனினும், அரசு முறைப்படி பஞ்சத்தை அறிவிக்கவே இல்லை. அறிவித்திருந்தால், பஞ்ச நிவாரண விதிகளின்படி மக்களுக்கு உணவும் வேலையும் வழங்கும் கடமை அரசுக்கு நேர்ந்திருக்கும். ஒரு சொல்லைத் தவிர்த்ததன்மூலம் ஒரு கடமையும் தவிர்க்கப்பட்டது.

நடந்து சென்று வரைந்தவர்

1915இல் பிறந்த சித்தபிரசாத், ஓவியத்தைத் தாமே முயன்று கற்றவர். 1943 நவம்பரில் அவர் மேதினிப்பூர் மாவட்டத்தின் ஊர்களுக்குச் சென்றார். கண்டவற்றைக் கறுப்பு மையால் வரைந்தார், கேட்டவற்றை எழுதினார். வெறுமையான அடுப்புகள், கைவிடப்பட்ட குடிசைகள், நடக்க இயலாத முதியோர், தாயின் மடியில் துவண்ட குழந்தைகள் என அவலத்தின் பல முகங்களை அவருடைய கோடுகள் காட்டின.

அவர் தம் ஓவியங்களில் இடம்பெற்றோர் பலரின் பெயரையும் ஊரையும் தொழிலையும் குறித்துவைத்தார். இச்செயல் எளியதாகத் தோன்றினும் பொருள் பொதிந்தது. பெயரற்ற உடல்களைக் காண்போர் இரக்கம் கொள்வர். சிறிது நேரத்தில் மறந்தும் விடுவர். நேற்றுவரை வலைவீசியோ ஏர்பூட்டியோ வாழ்ந்த ஒருவரை அறியும்போது, ‘இவரை இந்நிலைக்கு ஆளாக்கியது எது?’ என்னும் வினா பிறக்கிறது. இரக்கத்தை வினாவாக மாற்றியதே அவ்வோவியங்களின் வலிமை.

இப்பயணத்தின் பதிவு ‘பசித்த வங்கம்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் நூலாக வெளிவந்தது. ஆங்கில அரசு அதனைத் தடைசெய்து, ஏறத்தாழ 5,000 படிகளைக் கைப்பற்றி எரித்தது. ஓவியரின் குடும்பத்தார் காத்துவைத்த ஒரு படி மட்டும் எஞ்சியது. அதனைக்கொண்டு 2011இல் அந்நூல் மீண்டும் அச்சேறியது.

தெரியுமா?

1943 ஆகஸ்டு 22இல் கல்கத்தாவின் ‘தி ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழ், பஞ்சத்தால் வாடியோரின் ஒளிப்படங்களை வெளியிட்டது. அதன் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் என்னும் ஆங்கிலேயர் ஆவார். அப்படங்கள் வங்கத்தின் துயரை வெளியுலகிற்கு உணர்த்தின.

பலரின் கையில் சேரும் கலை

செல்வர் ஒருவரின் சுவரில் தொங்கும் ஓவியத்தைச் சிலரே காண்பர். எதிர்ப்புக் கலையோ பலரைச் சென்றடைய வேண்டும். எனவே, சித்தபிரசாத் லினோலியத் தகட்டில் உருவங்களைச் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றியெடுக்கும் முறையைப் பெரிதும் கையாண்டார். ஒரு தகட்டிலிருந்து குறைந்த செலவில் பல படிகள் எடுக்கலாம்.

அதே பஞ்சத்தை ஜைனுல் ஆபிதீன் மலிவான தாளில் வரைந்தார். இவரே பின்னர் 1948இல் டாக்காவில் ஓவியக்கல்லூரி தோன்றக் காரணமாக இருந்தவர். பிஜன் பட்டாச்சாரியா எழுதிய ‘நபான்ன’ என்னும் நாடகத்தை 1944இல் இந்திய மக்கள் நாடக மன்றம் மேடையேற்றியது. உழவர் குடும்பம் ஒன்றின் துயரத்தை நகர மக்கள் மேடையில் நேரே கண்டனர்.

கலையால் ஆவது என்ன?

ஓவியம் உலையில் அரிசியாகாது. வங்கப் பஞ்சத்தை எந்தத் தூரிகையும் தடுத்து நிறுத்தவில்லை. ஆயின், ‘அப்படியொன்றும் நிகழவில்லை’ என்று அதிகாரம் கூறும்போது, ‘நிகழ்ந்தது, நான் கண்டேன்’ என்று கலை சாட்சி கூறுகிறது. சாட்சி இல்லாத இடத்தில் நீதி கேட்க இயலாது. நிகழ்ந்ததை மக்கள் அறிதல், அறிந்தோர் வினவுதல், வினவியோர் ஒன்றுசேர்தல் என்னும் படிகளின் வழியாகவே சமூக மாற்றம் நிகழ்கிறது. அவற்றுள் முதற்படியை அமைப்பது கலை. வலிமை மிக்க ஓர் அரசு, ஒரு சிறிய ஓவிய நூலைத் தேடி எரித்தது ஏன் என்பதற்கு இதுவே விடை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் எவரும் பேசாத ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுத்து, அதனை விளக்கும் சுவரொட்டி ஒன்றை உருவாக்குக.

2. துன்புறுவோரை வரையும்போதும் ஒளிப்படம் எடுக்கும்போதும் அவர்தம் மாண்பைக் காப்பது எவ்வாறு? வகுப்பறையில் கலந்துரையாடுக.