பொங்கல் சோறும் சுண்டக்கறியும்



பொங்கல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கரும்பு, புதுச்சட்டை, சேர்ந்தாற்போல் வரும் விடுமுறை. சரி, சாப்பாடு? தீபாவளி என்றால் முறுக்கு, அதிரசம், லட்டு என்று பட்டியல் நீளும். பொங்கலன்று இலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சோறு, குழம்பு, காய்கறி. ஓரத்தில் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல். அவ்வளவுதான்! பெரும்பாலும் நாம் தினமும் சாப்பிடுகிற அதே சாப்பாடு.

மற்ற நாட்களில் "இன்னிக்கும் சோறுதானா?" என்று முகத்தைச் சுளிக்கிறோமே, அந்தச் சோற்றுக்குத்தான் தை முதல் நாள் வாசலில் கோலம் போட்டு, பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டி, விளக்கேற்றி மரியாதை செய்கிறோம். பேனா கொடுத்தால் 'தேங்க்ஸ்', வழி விட்டால் 'தேங்க்ஸ்' என்று சொல்லப் பழகிவிட்டோம். ஆனால் தட்டில் விழுகிற சோற்றுக்கு யாரும் சொல்வதில்லை. ஆண்டு முழுவதும் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்து வைத்து, ஒரே நாளில் "பொங்கலோ பொங்கல்!" என்று கத்திச் சொல்லிவிடுகிறோம் போலிருக்கிறது!

அந்தச் சோறு வந்த வழியைப் பார்ப்போமா? காவிரிப் பாசனப் பகுதியின் சம்பா நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணி வாக்கில் நாற்றங்காலில் விதைப்பார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து நாற்றைப் பறித்து, வயலில் சேறு கலக்கி நடுவார்கள். களை எடுக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் பாய்ச்ச வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயல் மூழ்கினால், ராத்திரி என்றும் பாராமல் வரப்பை வெட்டி வடிய விட வேண்டும். இப்படி 130 முதல் 150 நாட்கள் வரை காத்தால்தான் தை மாதம் அறுவடை. ஒரு கிலோ நெல் விளைய மழையும் பாசனமுமாகச் சராசரியாக 2500 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று நெல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சரி, நெல்லெல்லாம் அரிசியாகிவிடுமா? ஆகாது. உமியும் தவிடும் போக, 100 கிலோ நெல்லில் சுமார் 65 கிலோதான் அரிசி தேறும். நீங்கள் ஐந்து நிமிடத்தில் கடித்துத் துப்பும் கரும்புக்கும் ஒன்பது, பத்து மாத வயது!

எங்கள் தென்மாவட்டங்களில் பொங்கலிடுவது அடுப்படியில் அல்ல, வாசலில்தான். மண்ணால் செய்த 'பொங்கல் கட்டி' மூன்றை வைத்து அதன்மேல் பானை ஏற்றுவார்கள். எரிப்பதற்குக் காய்ந்த பனை ஓலை. திகுதிகுவென்று எரியும், புகையில் அம்மாவுக்கும் அத்தைக்கும் கண் சிவந்துவிடும். குழம்புக்கும் பெரிய செலவு கிடையாது. அந்தப் பருவத்தில் மண்ணுக்குள் விளைந்து கிடக்கும் சேனை, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி, கொடியில் காய்த்த அவரை, மொச்சை, பூசணி எல்லாம் ஒரே சட்டிக்குள் போகும். அந்த மாதம் அந்த ஊரில் என்ன விளைகிறதோ, அதுதான் விருந்து. பனங்கிழங்கும் தவறாமல் இருக்கும். (சிறுகிழங்கின் தோலைச் சுரண்டும் வேலையை மட்டும் யாரும் விரும்பிக் கேட்டு வாங்க மாட்டார்கள். கை கறுத்துப் போகும்!)

மறுநாள் மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, அதற்கும் பொங்கல் ஊட்டுவார்கள். மாட்டுக்கு 'நன்றி' என்ற சொல் புரியாது. உடம்பு தேய்த்துவிட்டால் புரியும்!

இந்தச் சாதாரணச் சோறு எவ்வளவு பெரியது என்பதை 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் எங்கள் பக்கத்தில் எல்லாரும் பார்த்தோம். டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியதைவிட அதிகமான மழை, ஒரே நாளில்! தாமிரபரணி கரை மீறி ஓடியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தைத் தாண்ட முடியவில்லை. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துப் போயிருந்தன. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம். அப்போது அருகில் உள்ள புதுக்குடி ஊர் மக்கள்தான் தங்களிடம் இருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டு சமைத்துப் போட்டார்கள். அவர்களும் அதே மழையில் நனைந்தவர்கள்தான். மழை எப்போது விடும், அடுத்த மூட்டை அரிசி எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியாது.

அந்த வெள்ளத்தில் பிசான நெற்பயிரும் வாழையும் ஏராளமாக அழிந்தன. சரியாக நான்கு வாரத்தில், 2024 ஜனவரி 15 அன்று பொங்கல் வந்தது. வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரிக் கொட்டிய வாசலிலேயே கோலம் போட்டுப் பானை ஏற்றியவர்கள் உண்டு.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். பொங்கலன்று விடியுமுன் எழுந்தவர் யார்? புகையில் நின்றவர் யார்? எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட உட்கார்ந்தவர் யார்? அவர் உட்காரும்போது குழம்பு ஆறியிருக்கும், அவியல் தீர்ந்திருக்கும். யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். வரும் பொங்கலுக்கு ஒரு வேலை செய்யுங்களேன். முதல் பந்தியில் அம்மாவையும் ஆச்சியையும் உட்கார வைத்து நீங்கள் பரிமாறுங்கள். "அதெல்லாம் வேண்டாம், நீ சாப்பிடு" என்பார்கள். விடாதீர்கள். இலையில் முதலில் எதை வைப்பது என்று உங்களுக்கு நிச்சயம் சந்தேகம் வரும். அவர்களையே கேளுங்கள், சிரித்துக்கொண்டே சொல்லித் தருவார்கள். அண்ணன், தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!

பண்டிகைச் சாப்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? மறுநாள் வருவதுதான். மிச்சச் சோற்றில் இரவே தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவார்கள். மீந்த குழம்பு, அவியல், பொரியல் எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் கொட்டி, சிறுதீயில் வைத்துச் சுண்ட விடுவார்கள். இதற்கு எங்கள் பக்கம் 'சுண்டக்கறி' என்று பெயர். காலையில் பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, அதற்குத் தொட்டுக்கொண்டால்... அடடா! எந்தக் கடையிலும் இதே ருசி கிடைக்காது. ஏனென்றால், முந்தின நாள் உங்கள் வீட்டில் என்னென்ன சமைத்தார்களோ அதுதான் அதன் ருசி. சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதை வழித்துத் தின்ன மட்டும் போட்டி நடக்கும். அதில் வீட்டின் கடைக்குட்டிக்கே முதல் உரிமை.