காரணம் தெரியாத துர்நாற்றம் அலட்சியப்படுத்தத்தக்கதல்ல

காரியாலயக் கட்டடமொன்றில் காரணம் தெரியாத துர்நாற்றம் எழும்போது என்ன நடக்கின்றதென்பது வேலைக்குச் செல்லும் எவருக்கும் தெரியும். முதலில் வாசனைத் திரவம் விசிறப்படும். ஊதுபத்தியோ சாம்பிராணியோ புகைக்கப்படும். அதன் பின்னர் கூரைக்குள் எலி செத்துக் கிடக்கின்றதென்று முடிவு கட்டப்படும். எலியும் அகப்படாதபோது முறைப்பாடு செய்தவரின் மூக்கில்தான் கோளாறென்று சிரிப்பதுடன் விவகாரம் கைவிடப்படும். நாற்றம் எங்கிருந்து வருகின்றதென்று முறையாகத் தேடுபவர் எவருமில்லை.

நாற்றமென்பது வெறும் அசௌகரியமல்ல. ஓரிடத்தில் இருக்க வேண்டிய காற்று வேறோரிடத்துக்கு வந்துவிட்டதென்ற அறிவித்தல் அது. வாசனைத் திரவத்தால் அதனை மறைப்பது, தடயத்தை நாமே அழிப்பதற்கு ஒப்பானதாகும்.

மனித மூக்கு கூர்மையானது. ஆனால் வெகு விரைவில் களைத்துப் போவது. ஒரே வாடையைச் சில நிமிடங்கள் சுவாசித்தாலே அது உணர்விலிருந்து மறைந்து விடுகின்றது. ஆகவே, அதே அறையில் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் பத்துப் பேர் 'ஒன்றும் மணக்கவில்லை' என்று கூறுவது சாட்சியமாகாது. வெளியிலிருந்து உள்ளே நுழைபவர், தபால் கொண்டு வருபவர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் சொல்லே இங்கு பெறுமதி வாய்ந்தது. எமது காரியாலயங்களில் இவர்களிடம் எவரும் அபிப்பிராயம் கேட்பதில்லை என்பது வேறு விடயம்.

எமது அனுபவமொன்றையும் இங்கு குறிப்பிடலாம். சில வருடங்களுக்கு முன்னர் நாம் பணியாற்றிய கட்டடத்தில், ஒப்புநோக்காளர்களின் அறையில் முற்பகல் பதினொரு மணியளவில் சாக்கடை நாற்றம் கிளம்பும். மாலை மூன்று மணியுடன் அடங்கிவிடும். அருகிலிருந்த கால்வாயைக் குறை கூறினோம். பக்கத்துக் கட்டடத்தாரையும் விட்டு வைக்கவில்லை. இளம் உதவி ஆசிரியை ஒருவர் மட்டும் இரண்டு வாரங்களாக நாற்றம் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் கொப்பியொன்றில் குறித்து வந்தார். சிற்றுண்டிச்சாலைச் சமையலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி இயங்கும் நேரத்துடன் அவை அப்படியே பொருந்தின. விசிறியை நிறுத்தியதும் நாற்றமும் நின்றது. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குப் பின்னால், எவரும் பாவிக்காத கழுவுமிடமொன்றின் தரை வடிகால் வரண்டு போயிருந்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதுடன் பிரச்சினை தீர்ந்தது. நாம் சற்று வெட்கப்பட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதன் காரணம் எளிமையானது. கை கழுவும் தொட்டிக்கும் தரை வடிகாலுக்கும் கீழே குழாய் வளைந்து செல்கின்றது. அவ்வளைவில் ஏறத்தாழ இரண்டு அங்குலத்துக்குத் தேங்கி நிற்கும் நீரே கழிவுக் குழாயின் வாயுக்களைத் தடுக்கும் கதவு. பாவனையற்ற வடிகாலில் அந்நீர் சில வாரங்களில் ஆவியாகிவிடும். விசிறி அறைக் காற்றை வெளியே இழுக்கும்போது, அதற்கு ஈடான காற்று கழிவுக் குழாயினூடாக உள்ளே ஏறுகின்றது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பூட்டிக் கிடந்த காரியாலயங்களைத் திறந்தவர்கள் பலர் இந்நாற்றத்தை அறிவார்கள். நீரின் மேல் சிறிதளவு சமையல் எண்ணெய் ஊற்றி வைத்தால் அது ஆவியாவது தாமதமாகும்.

இதனைச் சிறு விடயமென்று எண்ணுவோர் ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பை நினைவுகூர வேண்டும். 2003ஆம் ஆண்டு அங்கு 300க்கும் மேற்பட்டோரை சார்ஸ் நோய் பீடித்தது. குளியலறைத் தரை வடிகால்களில் நீர் வரண்டிருந்ததும், விசிறிகள் கழிவுக் குழாயின் காற்றை உள்ளே இழுத்ததும் நோய் பரவிய வழியாக விசாரணைகளில் சுட்டிக்காட்டப்பட்டன.

வடிகால்களில் நீர் இருந்தும் நாற்றம் நீங்காவிடின், சுவருக்குள் குழாய் வெடித்திருக்கலாம். குழாய் திருத்துநர்கள் இதற்கென நெடுங்காலமாகக் கையாளும் முறையொன்று உண்டு. கூரைக்கு மேலுள்ள காற்றுக் குழாயில் மிளகுக்கீரை எண்ணெயையும் சுடுநீரையும் ஒருவர் ஊற்றுவார். எண்ணெயைத் தொடாத மற்றொருவர் கட்டடத்தினுள் அவ்வாசனையைத் தேடிச் செல்வார். அது எங்கு வீசுகின்றதோ அங்கேதான் வெடிப்பு. ஊற்றியவரே கீழிறங்கி வந்து தேடினால் கட்டடம் முழுவதும் மணக்கும் என்பதைக் கூறத் தேவையில்லை. இக்காலத்தில் குழாயினுள் புகையைச் செலுத்தியும் பார்க்கின்றனர்.

எல்லா நாற்றத்தையும் ஆறுதலாகத் தேடிக்கொண்டிருக்க முடியாது. மீன் இல்லாத இடத்தில் மீன் வாடை வீசுமாயின் சுவிட்ச் அல்லது மின்கம்பி இணைப்பொன்று சூடேறி அதன் பிளாஸ்டிக் உருகுவதாக இருக்கலாம். உடனடியாக மின்சாரத்தைத் துண்டித்தல் வேண்டும். சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணமில்லை. 1937இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பாடசாலையொன்று எரிவாயுக் கசிவால் வெடித்து ஏறத்தாழ 300 பேர் மாண்ட பின்னரே, எரிவாயுவுக்கு நாற்றமூட்டுவது அங்கு சட்டமாயிற்று. 2021ஆம் ஆண்டின் இறுதியில் எமது நாட்டில் எரிவாயு வெடிப்புச் சம்பவங்கள் தொடர்ந்தபோது பத்திரிகைகளில் அடிபட்ட 'எதில் மெர்கப்டன்' என்பது அந்த நாற்றப் பொருளே.

அழுகிய முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டு இன்னும் வஞ்சகமானது. காற்றின் பத்து இலட்சம் பங்கில் அது 100 பங்கை எட்டும்போது மோப்பச் சக்தியையே முடக்கிவிடுகின்றது. மலக்குழியருகே நாற்றம் திடீரென மறைவது ஆபத்து நீங்கியதற்கான அறிகுறியல்ல. மின்பிறப்பாக்கியின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கோ மணமே கிடையாது.

ஆடைத் தொழிற்சாலைகளில் பெண் ஊழியர்கள் ஏதோ நெடி வீசுவதாகவும் தலை சுற்றுவதாகவும் கூறும்போது, அதனை மனப்பிராந்தியென்று ஒதுக்கிவிடும் முகாமையாளர்கள் உளர். கூட்டமாக அச்சம் தொற்றுவதுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வடிகாலையும் காற்றோட்டத்தையும் இரசாயனக் களஞ்சியத்தையும் பரிசோதித்து, காற்றை அளந்து பார்த்த பின்னரே அம்முடிவுக்கு வரலாம். அதற்கு முன்னர் அல்ல. தொழிற்சாலைகளின் சுத்தம், காற்றோட்டம், மலசலகூட வசதி என்பன 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தினால் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. நாள், நேரம், இடம், அவ்வேளை இயங்கிய இயந்திரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் முறையிடும் ஊழியரை நிர்வாகம் பொருட்படுத்தாவிடின், அதே கடிதத்தின் பிரதியைத் தொழில் திணைக்களத்துக்கு அனுப்பலாம்.